மருத்துவரிடம் எப்படிப் பேசுவது: மருத்துவமனை நிர்வாகப் பணிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மருத்துவமனை மேலாண்மையில் பட்டம் பெற்று, 100 முதல் 300 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையின் நிர்வாகப் பிரிவில் சேருபவருக்கு முதல் மாதத்திலேயே ஒன்று புலப்பட்டுவிடும். அவருடைய மேசைக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு மருத்துவரின் கையெழுத்துக்காகவோ பதிலுக்காகவோ காத்துக் கிடப்பவை. அந்த மருத்துவரோ நிர்வாகத்திடம் எப்போதோ கேட்ட ஒன்றுக்கு இன்னும் பதில் வராமல் சலித்துப்போயிருப்பவர். இதற்குக் காரணம் இரு தரப்பிலும் உள்ள குணக்கேடு என்று எடுத்துக்கொள்வது எளிது, ஆனால் பெரும்பாலும் தவறு. மருத்துவர் தன் முன்னே படுத்திருக்கும் ஒரு நோயாளியை வைத்துப் பேசுகிறார்; நிர்வாகி அந்த மாதத்து வரவு செலவையும், நிரம்பிய படுக்கைகளையும், காப்பீட்டு நிறுவனத்தில் நிலுவையில் நிற்கும் தொகையையும் வைத்துப் பேசுகிறார். இரண்டும் நியாயமான கவலைகளே. ஒருவருடைய கவலையை மற்றவர் முடிவெடுக்கக்கூடிய வடிவில் கொண்டுசேர்ப்பதும், கேட்டதற்கான பதிலைக் கேட்டவரிடமே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பதும்தான் நிர்வாகப் பிரிவில் இருப்பவரின் வேலை. அதைப் படிப்படியாக எப்படிச் செய்வது என்பதைத் தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளின் நடைமுறையை வைத்து இங்கே சொல்கிறேன்.

முதற்படி: யார் யார், எப்போது எங்கே இருப்பார்கள் என்று அறிந்துகொள்வது

எல்லா மருத்துவர்களும் ஒரே வகையில் மருத்துவமனையோடு இணைந்திருப்பதில்லை. நிறுவனரும் அவர் குடும்பத்தினருமே மருத்துவர்களாக இருப்பது நம் ஊர்களில் பரவலான நிலை. அவர்களுக்கு அடுத்து முழுநேரச் சம்பளத்தில் இருக்கும் கன்சல்டன்ட்டுகள் (சிறப்பு மருத்துவர்கள்), பார்க்கும் நோயாளிக்கு ஏற்பக் கட்டணம் பெறுபவர்கள், அழைத்தால் மட்டும் வந்து போகும் விசிட்டிங் கன்சல்டன்ட்டுகள், இரவு பகல் முறைப்பணியில் இருக்கும் டூட்டி டாக்டர்கள் என்று பல வகையினர் உண்டு. சம்பளத்தில் இருப்பவரிடம் ஒரு புதிய படிவத்தை நிரப்பச் சொல்வதும், மூன்று மருத்துவமனைகளுக்குப் போய்வரும் மயக்கவியல் நிபுணரிடம் அதையே சொல்வதும் ஒன்றல்ல. ஆகவே சேர்ந்தவுடன் ஒவ்வொரு துறையிலும் யார் எந்த ஏற்பாட்டில் இருக்கிறார், எந்தக் கிழமைகளில் வருகிறார், அவர் இல்லாதபோது யாரிடம் பேசலாம் என்ற பட்டியலை மெடிக்கல் சூப்பரின்டென்டென்டிடமும் (எம்.எஸ்.) வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்களிடமும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மனிதவளப் பிரிவின் கோப்பில் இருப்பதைவிட இன்சார்ஜ் சிஸ்டரின் நினைவில் இருப்பது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அடுத்தது நேரம். காலையில் வார்டு நோயாளிகளைப் பார்த்துவரும் ரவுண்ட்ஸ், பிறகு ஓபி, மதியத்தில் ஆபரேஷன் தியேட்டர், மாலையில் சொந்த கிளினிக் என்றுதான் பல அறுவை சிகிச்சை நிபுணர்களின் நாள் ஓடுகிறது. ஓபி நடக்கும்போது கதவைத் திறந்து தலையை நீட்டிக் கோப்பைக் காட்டுபவருக்குக் கையெழுத்து கிடைக்கும். படிக்காமல் போட்ட கையெழுத்தாக இருக்கும். ரவுண்ட்ஸ் முடிந்து நர்சிங் ஸ்டேஷனில் கேஸ் ஷீட் எழுதி முடிக்கும் அந்தச் சில நிமிடங்களும், தியேட்டரில் ஒரு கேஸுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரமும் பேசுவதற்கு ஏற்றவை. எம்.எஸ். அனுமதியோடு ஒரு வாரமாவது ரவுண்ட்ஸின் பின்னால் நடந்து பாருங்கள். நோயாளியை மருத்துவர் பரிசோதிக்கும்போது திரைக்கு வெளியே நின்றுகொள்ள வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேசையில் உட்கார்ந்து ‘டிஸ்சார்ஜ் சம்மரி (நோயாளி வீடு திரும்பும்போது தரும் சிகிச்சைச் சுருக்கம்) ஏன் தாமதம்’ என்று கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, ஒரு டூட்டி டாக்டர் புதிய அட்மிஷன், ஐசியூ அழைப்பு, உறவினர்களின் கேள்விகள் ஆகியவற்றுக்கு நடுவே சம்மரி எழுதுவதைப் பார்த்த பிறகு கேள்வியே மாறிவிடும்.

இரண்டாம் படி: டிஸ்சார்ஜ் என்ற ஒரே பாதையை எடுத்துக்கொண்டு முழுதாக நடந்து பார்ப்பது

தொடர்பை மேம்படுத்த வேண்டும் என்றவுடன் கூட்டம் போடுவது பலருக்கு வழக்கம். கூட்டத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது, இரு தரப்பும் நாள்தோறும் மோதிக்கொள்ளும் ஏதேனும் ஒரு வேலையை எடுத்து, அது எங்கே நிற்கிறது என்று கடிகாரத்தோடு பார்ப்பது. டிஸ்சார்ஜைவிட அதற்குப் பொருத்தமானது இல்லை.

காலை 9 மணிக்கு ரவுண்ட்ஸில் மருத்துவர் ‘இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்’ என்கிறார். நோயாளியின் மகள் உடனே ஊருக்கு போன் செய்து வண்டி வரச் சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகுதான் மருத்துவமனைக்குள் வேலையே தொடங்குகிறது. பயன்படுத்தாத மருந்துகள் ஃபார்மசிக்குத் திரும்ப வேண்டும், வர வேண்டிய லேப் முடிவு ஒன்று வர வேண்டும், டூட்டி டாக்டர் சம்மரி எழுத வேண்டும், கன்சல்டன்ட் அதைத் திருத்த வேண்டும், பில்லிங் இறுதிக் கணக்கைப் போட வேண்டும், காப்பீடு இருந்தால் இன்சூரன்ஸ் டெஸ்க் எல்லாவற்றையும் காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் கோரிக்கைகளைக் கையாளும் டிபிஏவுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து விளக்கம் கேட்டு ஒரு கொயரி வரும்போது மதியம் 1 மணி ஆகிவிடும். பதில் சொல்ல வேண்டிய மருத்துவர் தியேட்டரில் இருப்பார். மாலை 5 மணிக்கு பில்லிங் கவுண்டரில் சத்தம் எழும். மருத்துவர் ‘நான் காலையிலேயே அனுப்பிவிட்டேன்’ என்பார், நிர்வாகம் ‘கொயரிக்கு டாக்டர் பதில் தரவில்லை’ என்று சொல்லும். இருவரும் சொல்வது உண்மையே.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பணமில்லாச் சிகிச்சைக்கான முன் அனுமதிக் கோரிக்கைக்கு 1 மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் இறுதி அனுமதிக்கு 3 மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் மருத்துவமனை வசூலிக்கும் கூடுதல் தொகையை நிறுவனமே ஏற்க வேண்டும். ஆனால் அந்த 3 மணி நேரம் மருத்துவமனை தன் கோரிக்கையை அனுப்பிய பிறகே தொடங்குகிறது. காலை 9 மணிக்கும் கோப்பு வெளியேறும் நேரத்துக்கும் இடையிலுள்ள தாமதம் முழுக்க நம்முடையது. ஒரு வாரத்து டிஸ்சார்ஜ்களுக்கு இந்த இடைவெளியை மட்டும் குறித்து, மருத்துவர்களின் பெயரைப் போடாமல், எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் போனது என்று எம்.எஸ்.ஸிடம் காட்டுங்கள். பெயர் போட்ட பட்டியல் ஒரே நாளில் மருத்துவர்கள் அறைக்குப் போய்ச் சேரும். அதன் பிறகு யாரும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

மாற்ற வேண்டியவை பெரும்பாலும் சிறியவை. முந்தின நாள் மாலை ரவுண்ட்ஸிலேயே ‘நாளைக்குப் போக வாய்ப்புள்ளவர்கள்’ என்று சிஸ்டர் ஒரு பட்டியல் எடுத்தால், இரவு டூட்டி டாக்டர் சம்மரியின் வரைவை எழுதிவைக்கலாம், ஃபார்மசி மருந்துகளைத் திரும்பப் பெறலாம், பில்லிங் இடைக்காலக் கணக்கை முடித்துவைக்கலாம். பட்டியலில் இருக்கும் ஒருவர் மறுநாள் காய்ச்சலால் போக முடியாமல் ஆனால், அதை யாருடைய பிழையாகவும் எழுதக்கூடாது. எழுதினால் அடுத்த வாரம் முதல் பட்டியல் வெறுமையாகத்தான் வரும்.

மூன்றாம் படி: கேள்வியைக் கேட்கும் முறை

கொயரி வந்ததும் இன்சூரன்ஸ் டெஸ்கிலிருந்து மருத்துவருக்குப் போகும் வாட்ஸ்அப் செய்தி பல இடங்களில் இப்படித்தான் இருக்கும்: ‘சார், 312 கொயரி வந்திருக்கு, அர்ஜென்ட்.’ தியேட்டரிலிருந்து வெளியே வந்து இதைப் பார்ப்பவருக்கு 312இல் யார், என்ன கேட்கிறார்கள், தான் என்ன செய்ய வேண்டும் என்று எதுவும் தெரியாது. அவர் ‘அப்புறம் பார்க்கிறேன்’ என்று பதில் போட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அதே செய்தியை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘வணக்கம் சார். அறை 312, நீங்கள் செவ்வாய்க்கிழமை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்த நோயாளி. காப்பீட்டு நிறுவனம் கேட்பது ஒன்றுதான்: சர்க்கரை நோய் எத்தனை ஆண்டுகளாக உள்ளது? அட்மிஷன் குறிப்பில் 2 ஆண்டு என்றும் மயக்கவியல் குறிப்பில் 5 ஆண்டு என்றும் இருக்கிறது. டூட்டி டாக்டர் நோயாளியிடமும் பழைய சீட்டுகளிலும் சரிபார்த்து எழுதிவைக்கிறார். தியேட்டர் முடிந்ததும் நீங்கள் பார்த்துக் கையெழுத்திட்டால் போதும். 2 மணிக்குள் அனுப்பினால் அவர் மாலைக்குள் புறப்படலாம்.’ நிலைமை, பின்னணி, நம் மதிப்பீடு, கோரிக்கை என்ற நான்கும் இதில் வரிசையாக இருக்கின்றன. எஸ்பிஏஆர் என்ற பெயரில் செவிலியர்களுக்கு இந்த வரிசையைத்தான் கற்றுத் தருகிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளில் பிறந்து, கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகள் வழியாக மருத்துவத் துறைக்கு வந்த முறை அது. இரவில் நோயாளியின் நிலை மாறும்போது சிஸ்டர் இந்த வரிசையில் சொல்வதைக் கேட்டுப் பழகியவர்கள் மருத்துவர்கள் என்பதால், நிர்வாகத்திலிருந்து வரும் செய்தியும் அதே வரிசையில் வந்தால் அவர்களுக்குப் படிக்கச் சிரமம் இருக்காது. செய்தியில் நோயாளியின் பெயரைத் தவிர்த்து அறை எண்ணோ ஐபி (உள்நோயாளி) எண்ணோ மட்டும் போடுவது நல்லது. குழுவில் போடாமல் தனியாக அனுப்புவது அதைவிட நல்லது.

இந்த இடத்தில் புதியவர்கள் தாண்டக்கூடாத ஒரு கோடு இருக்கிறது. ஏற்கெனவே இருந்த நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு என்பதால், நோய் எப்போது தொடங்கியது என்ற ஒரு வரியில் இலட்சக்கணக்கான ரூபாய் தொங்கிக்கொண்டிருக்கும். நோயாளியின் உறவினரும், சில நேரங்களில் மேலதிகாரியும்கூட, ‘டாக்டரிடம் சொல்லி 1 வருடம் என்று மாற்றச் சொல்லுங்கள்’ என்பார்கள். மருத்துவரிடம் எது உண்மை என்று கேட்கலாம். எது வசதி என்று கேட்கக்கூடாது. கேஸ் ஷீட்டை ஒருமுறை மாற்றச் சொல்லிக் கேட்டவரை மருத்துவர் பிறகு எந்த விஷயத்திலும் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. இந்தத் தொல்லையின் வேர் அட்மிஷன் நேரத்தில் இருக்கிறது. நோயின் வரலாற்றை டூட்டி டாக்டரும் மயக்கவியல் நிபுணரும் தனித்தனியே கேட்டு எழுதுவதால்தான் முரண்பாடு வருகிறது என்பதைத் துறைத் தலைவரிடம் எடுத்துச் சொன்னால், அவரே அதற்கு ஒரு வழி செய்வார்.

நான்காம் படி: பணத்தைப் பற்றிப் பேசுவது

மருத்துவரும் நிர்வாகமும் முகம் சுளித்துக்கொள்ளும் இடம் இதுதான். ஓபியில் நோயாளி ‘எவ்வளவு சார் ஆகும்?’ என்று கேட்கும்போது, இரக்கத்தினாலோ அவசரத்தினாலோ மருத்துவர் ‘ஒரு லட்சத்துக்குள் முடிந்துவிடும்’ என்று சொல்லிவிடுகிறார். பில் 1,60,000 ரூபாய் வரும்போது நோயாளி நம்புவது மருத்துவர் சொன்ன எண்ணைத்தான். பில்லிங்கில் இருப்பவர் கொள்ளைக்காரராகிவிடுகிறார். இதற்கு நான் கண்டவரை ஒரே தீர்வுதான் உண்டு. தொகையை மருத்துவர் சொல்லவே வேண்டாம். என்ன சிகிச்சை, எத்தனை நாள், என்ன சிக்கல் வரக்கூடும் என்பதை அவர் ஒரு சீட்டில் எழுதித் தர, மதிப்பீட்டுத் தொகையை எழுத்தில் தருவது கவுன்சலிங் டெஸ்கின் பொறுப்பாக இருக்கட்டும். சிகிச்சையின் நடுவே மதிப்பீடு தாண்டும் நிலை வந்தால், ஏன் தாண்டுகிறது என்பதை மருத்துவரும் எவ்வளவு தாண்டுகிறது என்பதை டெஸ்கும் அன்றைக்கே, முடிந்தால் ஒரே அறையில், உறவினரிடம் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டை மருத்துவர்கள் எதிர்ப்பதில்லை. பண விஷயத்தைப் பேசுவதில் அவர்களில் பலருக்கு விருப்பமே கிடையாது.

விலை தொடர்பான அரசு ஆணைகளை இரு தரப்பும் ஒரே நேரத்தில் அறிந்திருப்பதும் தேவை. இதய ஸ்டென்ட்டுகளுக்கு 2017 பிப்ரவரியிலும், முழங்கால் மாற்று உபகரணங்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலும் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விதித்தது. ஸ்டென்ட் உச்சவரம்பு அவ்வப்போது திருத்தப்படுகிறது. திருத்தம் வந்த அன்றே பர்ச்சேஸ் பிரிவு அதை ஸ்டென்ட் பொருத்தும் கேத் லேபுக்கு ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பவில்லை என்றால், மருத்துவர் ஒரு விலையும் பில் ஒரு விலையும் சொல்லும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிக்கல் வேறு வகையானது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்ற அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகை முன்பே வரையறுக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பேக்கேஜில் சேர்ப்பது என்பது மருத்துவ முடிவு. அதற்கு என்னென்ன பரிசோதனை முடிவுகள் பதிவேற்ற வேண்டும் என்பது திட்ட ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிந்த விஷயம். அறுவை சிகிச்சைக்கு முன்பே இருவரும் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டால், பிறகு நிராகரிக்கப்பட்ட கோரிக்கைக்காக ஐந்து வாரம் கடிதம் எழுத வேண்டியதில்லை.

செலவைக் குறைக்கச் சொல்லும்போது மாத மொத்தத்தைக் காட்டாதீர்கள். ‘இந்த மாதம் தையல் நூலுக்கு இவ்வளவு’ என்ற எண் மருத்துவருக்கு ஒன்றையும் சொல்வதில்லை. ஒரு குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு ஒரே துறையில் இரு விதமான மெஷ் (உள்ளே வைத்துத் தைக்கும் வலை) பயன்படுகிறது, விலையில் இவ்வளவு வேறுபாடு, இதனால் நோயாளிக்கு என்ன நன்மை என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம் என்று கேளுங்கள். அவர் சொல்லும் காரணம் சரியானதாக இருக்கவும் கூடும். அதைக் கேட்டு எழுதிக்கொண்டு போய் மேலிடத்தில் அவருக்காகப் பேசுவதும் உங்கள் வேலையே.

ஐந்தாம் படி: மருத்துவரின் கோரிக்கைக்குப் பதில் சொல்வது

என் கருத்தில் எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான். நிர்வாகத்தின் மீது மருத்துவர்களுக்கு உள்ள கோபத்தில் பெரும்பகுதி மறுப்பினால் வருவதல்ல. ‘பார்க்கலாம் சார்’ என்று சொல்லி ஆறு மாதம் ஒன்றும் சொல்லாமல் இருப்பதால் வருவது. மறுத்தால் மனம் நோகும் என்ற நம் ஊர்ப் பண்பு இங்கே உதவாது. லேப்ராஸ்கோப்பி கேமரா கேட்ட மருத்துவருக்கு ‘இந்த நிதியாண்டில் முடியாது, காரணம் ஜெனரேட்டர் மாற்ற வேண்டியிருக்கிறது, ஏப்ரலில் மீண்டும் எடுத்துக்கொள்கிறோம்’ என்று சொன்னால், அவர் அன்று கோபித்துக்கொள்வார், மறுநாள் தன் வேலையைத் திட்டமிட்டுக்கொள்வார்.

ஒரு சாதாரண நீளக் கணக்கு நோட்டே போதும். தேதி, கேட்டவர், கேட்டது, யாரிடம் போயிருக்கிறது, பதில், பதில் சொல்லப்பட்ட தேதி என்று பத்திகள் இருக்கட்டும். நடைபாதையில் நடந்துகொண்டே சொன்னதும் கோரிக்கைதான். மேசைக்கு வந்ததும் எழுதிவிட வேண்டும். கருவி கேட்பவரிடம் அப்போதே சில விவரங்களைக் கேட்டுக்கொள்வது பிறகு அலைச்சலைக் குறைக்கும். இது இல்லாததால் இப்போது எந்த நோயாளிகளை வெளியே அனுப்புகிறோம், மாதத்துக்கு ஏறத்தாழ எத்தனை பேர், வேறு எந்தத் துறை இதைப் பயன்படுத்தும், ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டிய பொருள் ஏதேனும் உண்டா, உத்தரவாதக் காலம் முடிந்த பின் பராமரிப்பு ஒப்பந்தம் எப்படி என்று கேட்டு, கடைசி இரண்டையும் பயோமெடிக்கல் பொறியாளரிடமும் சரிபார்த்துக்கொண்டு போனால், நிர்வாக இயக்குநர் கேட்கும் முதல் கேள்விக்கே திரும்பி வர நேராது.

அரசு மருத்துவமனையில் பணிக்குச் சேர்ந்தவர்களுக்கு இந்தப் படி சற்று மாறும். அங்கே டீனும் இருப்பிட மருத்துவ அலுவலரும் மருத்துவர்களே; மருந்து கொள்முதலைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990களின் நடுப்பகுதியிலிருந்து செய்துவருகிறது, மருத்துவமனைகள் தங்களுக்கு ஒதுக்கிய தொகையைக் காட்டும் பாஸ்புக்கில் உள்ளதற்கு ஏற்பக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. எனவே துறைத் தலைவருக்குத் தேவையான பதில் பெரும்பாலும் ‘எப்போது வாங்குவோம்’ என்பதல்ல. ‘கிடங்கில் என்ன இருக்கிறது, இதற்குப் பதிலாக எது கிடைக்கும்’ என்பதே. ஸ்டோர்ஸ் பிரிவு வாரம் ஒருமுறை அந்தப் பட்டியலைத் துறைகளுக்கு அனுப்பினாலே பாதிச் சச்சரவு அடங்கிவிடும்.

ஆறாம் படி: கூட்டங்கள்

கூட்டம் குறைவாகவும் குறுகியதாகவும் இருக்கட்டும். நோய்த்தொற்றுக் கட்டுப்பாடு, மருந்து மற்றும் சிகிச்சை முறை போன்றவற்றுக்கு மருத்துவமனைத் தரத்துக்கான என்ஏபிஎச் அங்கீகாரத்துக்காக அமைத்த குழுக்கள் பல மருத்துவமனைகளில் கோப்பில் மட்டுமே கூடுகின்றன. புதிய கூட்டம் எதையும் உருவாக்குவதற்கு முன் அவற்றை உண்மையாகக் கூட்டிப் பாருங்கள். தலைமையில் ஒரு மருத்துவர் இருக்கட்டும், குறிப்பெடுப்பது நீங்களாக இருக்கட்டும். முந்தைய கூட்டத்தில் கேட்டவற்றின் பதில்களோடு தொடங்கினால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வரும்.

தியேட்டர் தாமதத்தைப் பற்றிய கூட்டம் மட்டும் தனிக் கவனம் வேண்டுவது. முதல் கேஸ் 8 மணிக்குப் பதில் 9 மணிக்குத் தொடங்கினால் சர்ஜன் தாமதமாக வந்தார் என்றே அலுவலகத்தில் பேசுவார்கள். காப்பீட்டு அனுமதி வராதது, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இல்லாதது, கருவிகள் கிருமிநீக்கப் பிரிவான சிஎஸ்எஸ்டியிலிருந்து வராதது, நோயாளி காலையில் காபி குடித்துவிட்டது என்று காரணங்கள் வேறாகவும் இருக்கும். இவற்றில் பல நம் பக்கத்துக் காரணங்கள் என்பதைக் கவனியுங்கள். தாமதமான ஒவ்வொரு கேஸுக்கும் அன்றே தியேட்டர் சிஸ்டரிடம் காரணத்தை ஒரு வரியில் எழுதி வாங்கிவைத்துக்கொண்டு பிறகு கூட்டத்துக்குப் போங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலைத் தியேட்டர் குழு படிக்கும் நேரத்தில் நிர்வாக விஷயம் எதையும் நுழைக்க வேண்டாம். அந்த நிமிடங்கள் நோயாளிக்கு உரியவை.

ஏழாம் படி: புகாரும் கைகலப்பும் வரும்போது

மருத்துவரைப் பற்றிப் புகார் வந்தால், நோயாளிக்குப் பதில் எழுதுவதற்கு முன் மருத்துவரிடம் நேரில் பேச வேண்டும். மின்னஞ்சலில் ‘விளக்கம் அளிக்கவும்’ என்று கேட்பது கடைசி வழியாக இருக்கட்டும். உறவினர்கள் வார்டில் கூடிச் சத்தமிடும்போது நிர்வாகப் பிரிவில் இருப்பவர் முதல் ஆளாக அங்கே போய் நிற்க வேண்டும். தொலைபேசியில் ‘என்ன நடக்கிறது?’ என்று கேட்டுக்கொண்டிருந்தவரை மருத்துவர்கள் மறப்பதில்லை. மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவமனைகளையும் வன்முறையிலிருந்து காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அடி வாங்கிய டூட்டி டாக்டரையே காவல் நிலையத்துக்குத் தனியாக அனுப்பிப் புகார் கொடுக்கச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. புகாரை நிறுவனம் தன் பெயரில் கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்துங்கள். இதை முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்து, எந்த எண்ணை அழைப்பது, யார் உடன் போவது என்று ஒவ்வொரு வார்டிலும் ஒட்டிவையுங்கள்.

மூன்று மாதம் கழிந்ததும் அந்தக் கணக்கு நோட்டை எடுத்து, ‘பதில்’ என்ற பத்தி காலியாக உள்ள வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றில் சில உங்கள் மேலதிகாரியின் மேசையில் நிற்பவையாக இருக்கும். தாளை எம்.எஸ்.ஸிடமும் நிர்வாக இயக்குநரிடமும் ஒரே நேரத்தில் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் உண்டு, இல்லை, எப்போது என்ற மூன்றில் ஒன்றைக் கேட்டு வாங்கி, அன்று மாலை ரவுண்ட்ஸ் முடியும் நேரத்தில் கேட்டவர்களிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.